பட்டர்னு எழுதினா வெண்ணெய் இருக்கணும்

தாம்பரத்துல இருக்கிற என் தங்கச்சி பொண்ணு போன வாரம் போன்ல கேட்டா. "மாமா, பசங்க தினமும் பாப்கார்ன் பாக்கெட் கேக்கறாங்க. வீட்லயே பொரிச்சுக் கொடுத்துடலாம்னு இருக்கேன். ஆனா பட்டர் போட்டா உடம்புக்குக் கெடுதல்னு சொல்றாங்களே, ஹெல்தியா வேற என்ன போடலாம்?"

நான் திருப்பிக் கேட்டேன்: "இத்தனை நாளா அந்தப் பாக்கெட்ல வெண்ணெய் தின்னோம்னு யாரும்மா உனக்குச் சொன்னது?"

அவ பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சா. மக்காச்சோளம், பாமாயில், உப்பு, சுவையூட்டி, நிறமூட்டி. முன்பக்கம் மஞ்சள் எழுத்துல பட்டர், பின்பக்கம் பொடி எழுத்துல பாமாயில். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்ப நான் இவ்ளோ நாளா வெண்ணெய்க்குப் பயந்தது வேஸ்ட்டா மாமா?"ன்னா. அந்தக் கேள்விக்குப் போன்ல சரியா பதில் சொல்ல முடியலை. ரெண்டு மாடு வச்சிருக்கிறவன், பால் ஊத்துறவன்ங்கிற முறையில சொல்ல வேண்டியது நிறைய இருக்கு. அதனால இங்க எழுதறேன்.

வெண்ணெய் மேல இருக்கிற பயத்தை அப்புறம் பார்க்கலாம். முதல்ல, கடையில ஏன் வெண்ணெய் போடறதில்லைங்கிறதைச் சொல்லிடறேன். விலை ஒரு காரணம்தான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தொழில் காரணம் இருக்கு. வெண்ணெய்ல 80 சதவீதம்தான் கொழுப்பு. மிச்சத்துல பெரும்பங்கு தண்ணி, கொஞ்சம் பால் சத்து. பொரிச்ச சோளத்து மேல உருக்கின வெண்ணெயை ஊத்தினா அந்தத் தண்ணி உள்ள இறங்கி, ரெண்டு நிமிஷத்துல பொரி நமுத்துப் போகும். சரி, பொரிக்கும்போதே சட்டியில போடலாம்னா, மக்காச்சோளம் வெடிக்க 180 டிகிரி செல்சியஸ் சூடு வேணும். அந்தச் சூட்டுக்கு முன்னாடியே வெண்ணெய்ல இருக்கிற பால் சத்து கருகிடும். கசப்பும் கருகல் வாடையும்தான் மிச்சம். அதனாலதான் கடைக்காரங்க பாமாயில்ல பொரிச்சு, மஞ்சள் நிறமும் வெண்ணெய் வாசனையும் கலந்த உப்புப் பொடியைத் தூவிடறாங்க. அமெரிக்காவுல பல தியேட்டர்ல மேல ஊத்தறதும் வாசனை சேர்த்த சோயா எண்ணெய்தான்.

இதுக்கு நம்ம ஆயாக்கள் எப்பவோ வழி கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. வெண்ணெயைக் காய்ச்சினா தண்ணி ஆவியாப் போயிடும், பால் சத்து அடியில கசண்டா நின்னுடும், மேல தெளிஞ்சு வர்றது நெய். நெய்ல தண்ணி இல்லை, அதனால பொரி நமுக்காது. கருகறதுக்குப் பால் சத்தும் இல்லை, அதனால 180 டிகிரியை அலட்டாம தாங்கும். பாப்கார்னுக்குப் பொருத்தமான வெண்ணெய் எதுன்னு கேட்டா அது நெய்தான். இதை உலகத்துக்கே விளம்பரம் போட்டு வித்திருக்க வேண்டிய நாடு நம்ம நாடு. நாமளோ இந்தோனேசியாவுலயும் மலேசியாவுலயும் இருந்து எண்ணெயை இறக்கி, அதுல வெண்ணெய் வாசனை கலந்து திங்கறோம்.

பொரியைப் பத்தியும் ஒரு வார்த்தை. பாப்கார்னை "சோளப்பொரி"ன்னு தமிழாக்கம் பண்றோம். ஆனா சோளம் வேற, மக்காச்சோளம் வேற. சோளம் நம்ம பழைய தானியம், மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது. மக்காச்சோளத்துலயும் எல்லாம் பொரியாது. பெரம்பலூர், சேலம் பக்கம் ஏக்கர் கணக்குல விளையறது பெரும்பாலும் நாமக்கல் கோழிக்குப் போற தீவன ரகம். பொரியறதுக்குன்னு சின்ன மணியா, கெட்டித் தோலோட தனி ரகம் இருக்கு. அந்த மணிக்குள்ள 13, 14 சதவீதம் ஈரம் இருக்கணும். சூடு ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகி, தோல் தாங்கற வரைக்கும் உள்ள முட்டி, ஒரு கட்டத்துல டமார். ஈரம் குறைஞ்சா வெடிக்காது. வாங்கி வச்ச சோளத்துல பாதி பொரியாம அடியில தங்குதா, டப்பாவுல ஒரு ஸ்பூன் தண்ணி தெளிச்சு, குலுக்கி மூடி, ரெண்டு மூணு நாள் விட்டுட்டுப் பொரிச்சுப் பாருங்க.

நெல்லுப்பொரியும் இதே வித்தைதான். உமி வெளியில இறுக்கிப் பிடிக்கும், ஈரம் உள்ள முட்டும், வெடிச்சு மல்லிகை மொட்டு மாதிரி விரியும். கார்த்திகை தீபத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சி, ஏலக்காயும் தேங்காய்ப் பல்லும் போட்டுப் பொரி உருண்டை பிடிக்கறோமே, அதுக்கு மால்ல வச்சிருக்கிற பேரு கேரமல் பாப்கார்ன். நெல்லுக்குப் பதிலா மக்காச்சோளம், வெல்லத்துக்குப் பதிலா சர்க்கரை, விலை மட்டும் பல மடங்கு.

பேரு மாறினா வரியும் மாறும். 2024 டிசம்பர்ல ஜெய்சால்மர்ல கூடின ஜிஎஸ்டி கவுன்சில்ல பாப்கார்னுக்கு விளக்கம் கொடுத்தாங்க: உப்பு, மசாலா போட்டு லூஸா வித்தா 5 சதவீதம், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினா 12, சர்க்கரைப் பாகு போட்ட கேரமலுக்கு மிட்டாய்க் கணக்குல 18. ஊரே சிரிச்சுது. மீம் போட்டுத் தள்ளினாங்க. ஆனா அன்னைக்கு யாரும் சிரிக்காத கணக்கு ஒண்ணு இருந்தது. அதே நேரத்துல வெண்ணெய்க்கும் நெய்யுக்கும் வரி 12 சதவீதம். பாமாயில் உட்பட சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம். கப்பல்ல வர்ற எண்ணெய்க்குச் சுங்க வரி தனியா இருக்கு, அதை நான் மறைக்கலை. ஆனா கடையில பில் போடும்போது, கழனிக்கரையில மேஞ்ச மாட்டு வெண்ணெய்க்கு அதிக வரி, பாமாயிலுக்குக் குறைஞ்ச வரிங்கிற நிலைமை 2017-லேர்ந்து எட்டு வருஷம் ஓடிச்சு. 2025 செப்டம்பர் 22-லதான் வெண்ணெய், நெய் ரெண்டையும் 5-க்குக் கொண்டுவந்தாங்க. நல்லது. தாமதமா வந்தாலும் வரவேற்கணும்.

ஆனா வரி குறைஞ்ச உடனே வெண்ணெய் சட்டிக்கு வந்துடாது. அது எங்க வீட்டுச் சட்டிக்கே வரலை. காரணம் சொல்றேன்.

எங்க அம்மா காலத்துல வீட்ல எருமை இருந்தது. பாலாத்துப் பக்கம் மேய்ச்சல், மத்தியானம் ஏரியில படுக்கை. விடியக்காலை நாலு நாலரைக்கு மத்துச் சத்தம் கேக்கும். தூணுல கயிறு கட்டி, ரெண்டு கையாலயும் இழுத்துக் கடைவாங்க. வெண்ணெய் திரண்டதும் சத்தம் மாறும். தளதளன்னு இருந்தது தபதபன்னு ஆகும், அதைக் கேட்டுட்டே நாங்க எழுந்திருப்போம். வெண்ணெயைத் தண்ணிச் சட்டியில மிதக்க விட்டு வச்சிருப்பாங்க. வாரக் கடைசியில காய்ச்சும்போது ஒரு பிடி முருங்கைக்கீரை போடுவாங்க. அந்த நெய்யில மொறுமொறுன்னு பொரிஞ்ச கீரைக்குத்தான் எங்களுக்குள்ள அடிதடி. மோரு அக்கம்பக்கத்துக்கு இலவசம். அதுக்குக் காசு வாங்கினா பாவம்னு நினைச்ச ஊரு.

இப்ப அந்த மத்து பரண்ல இருக்கு. எருமை போய் ஜெர்சி கலப்பு வந்தாச்சு. மேய்ச்சல் நிலமெல்லாம் மனைக்கட்டு ஆகி, கல்லு நட்டு, பேரு வச்சு, கொடி பறக்குது. வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுல ஒரகடம் வரைக்கும் போனீங்கன்னா தெரியும், ரெண்டு பக்கமும் கம்பெனி மதில்தான். அதைக் குறையாச் சொல்லலை. எங்க ஊர்ப் பசங்க பாதிப் பேரு அந்த மதிலுக்குள்ளதான் வேலை பாக்கறாங்க, எங்க வீட்டுப் பையனும் சேர்த்து. ஆனா மாட்டுக்கு மேய இடம் இல்லாமப் போச்சு. தவிடு, புண்ணாக்கு, தீவன மூட்டை, வைக்கோல் கட்டு எல்லாம் காசு. கறந்த பாலை வீட்ல வச்சு உறை ஊத்த மனசு வராது. விடிஞ்சதும் கேனைத் தூக்கிட்டு சொசைட்டிக்கு ஓடணும். காப்பிக்கு ஒரு சொம்பு எடுத்து வைக்கறதோட சரி.

கணக்கு போட்டுப் பாருங்க. ஆவின் பசும்பாலுக்கு 2022 நவம்பர்ல லிட்டருக்கு 35 ரூபாய் ஆக்கினாங்க, 2023 டிசம்பர்லேர்ந்து 3 ரூபாய் ஊக்கத்தொகை. ஆக 38. எருமைப் பாலுக்கு 44-ம் 3-ம் சேர்த்து 47. அதுவும் கொழுப்பும் மத்த சத்தும் அளவுல சரியா நின்னா. பசும்பால்ல கொழுப்பு நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. ஒரு கிலோ நெய் எடுக்க 25 லிட்டர் பால் வேணும். 38 தடவை 25, 950 ரூபாய். இது பால் விலை மட்டும். விறகோ கேஸோ, கடையற கையோ கணக்குல வரலை. எருமைப் பால்ல கொழுப்பு ஏழு சதவீதம் பக்கம் இருக்கும்னு வச்சுக்கிட்டா 15 லிட்டர்ல ஒரு கிலோ வந்துடும், 705 ரூபாய்தான். எருமையை வித்தது எவ்வளவு பெரிய நஷ்டம்னு இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் எங்க வீட்ல பேச்சு வரும்.

அப்ப பெரிய பால் நிறுவனங்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு கேக்கலாம். அவங்களுக்குக் கொழுப்பு எடுத்த பாலும் காசு. நீல பாக்கெட்ல 3 சதவீதம் கொழுப்பு, ஆரஞ்சு பாக்கெட்ல 6. எங்ககிட்ட நாலு சதவீதத்துல வாங்கி, மூணுல வித்தா, மிச்சக் கொழுப்பு வெண்ணெய்யா நெய்யா வெளிய வருது. எங்களுக்கு அப்படி இல்லை. வெண்ணெய் எடுத்தா மிஞ்சற மோரை வாங்க ஆள் கிடையாது. வீட்டு நெய் வேணும்னு சென்னையிலேர்ந்து கார்ல வந்து, கிலோ 500-க்குக் கொடுங்கன்னு பேரம் பேசறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். அந்த விலைக்கு எவனாவது பசு நெய்னு கொடுத்தா, அதுல பசு எவ்வளவு இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

சரி, இப்ப அந்தக் கணக்கைப் பாப்கார்னுக்குக் கொண்டு வரேன். இதைத்தான் முக்கியமாச் சொல்லணும்னு உட்கார்ந்தேன்.

ஒரு கூம்புப் பொட்டலம் பாப்கார்னுக்கு ஒரு டீஸ்பூன் நெய் போதும். அஞ்சு கிராம். கிலோ 950 கணக்குல கிட்டத்தட்ட 5 ரூபாய். அதே அளவு பாமாயில் ஒரு ரூபாய்கூட ஆகாது. வித்தியாசம் நாலு ரூபாய் சொச்சம். பஸ் ஸ்டாண்டுல தள்ளுவண்டியில 20 ரூபாய்க்கு விக்கறவருக்கு நாலு ரூபாய் பெரிய காசு, அவரை நான் கேள்வி கேக்க மாட்டேன். அவரோட லாபமே அதுதான். ஆனா மால் தியேட்டர்ல ஒரு டப்பா 200, 300-னு விக்கறாங்களே, அந்த டப்பாவுக்கு நாலு டீஸ்பூன் நெய் ஊத்தினாலும் 20 ரூபாய் தாண்டாது. அங்க பாமாயில்ல பொரிச்சு மஞ்சப் பொடி தூவறதுக்குக் கட்டுப்படி ஆகலைங்கிற காரணத்தை யாரும் சொல்ல முடியாது. நீங்களும் வெளியிலேர்ந்து எடுத்துட்டுப் போக முடியாது. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்காரங்களுக்கு உரிமை உண்டுன்னு 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. குடிக்கிற தண்ணி இலவசமாக் கொடுக்கணும், கைக்குழந்தை சாப்பாட்டை அனுமதிக்கணும், அவ்வளவுதான். உள்ள மாட்டிக்கிட்ட வாடிக்கையாளர்கிட்ட 300 ரூபாய் வாங்கறவங்க, பட்டர்னு பேரு வச்சதுக்கு வெண்ணெயோ நெய்யோ போடணும்னு கேக்கறது அதிகப்படியா?

இப்ப தங்கச்சி பொண்ணு கேட்ட உடம்பு விஷயம். பால்காரன் நெய்யைப் புகழாம இருப்பானான்னு நீங்க நினைக்கலாம். அதனால எனக்கு எதிரா இருக்கிறதையும் சொல்லிடறேன். வெண்ணெய்ல எடையில பாதி நிறை கொழுப்பு. நெய்ல அதைவிட அதிகம், அறுபது சதவீதத்துக்கும் மேல. பாமாயில்லயும் கிட்டத்தட்ட பாதி நிறை கொழுப்புதான். இந்த ஒரு விஷயத்துல நெய் பாமாயிலை ஜெயிக்காது. நெய் தின்னா நெஞ்சடைப்பே வராதுன்னு வாட்ஸப்ல வர்ற கதைகளை நான் ஃபார்வர்ட் பண்றதில்லை. டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தா டாக்டர் பேச்சைத்தான் கேக்கணும், மாடு மேய்க்கிறவன் பேச்சை இல்லை.

நான் சொல்றது அளவு. பாப்கார்ன் தன்னளவுல நல்ல தீனி. தவிடு நீக்காத முழுத் தானியம், 100 கிராமுக்கு 14 கிராமுக்கு மேல நார்ச்சத்து. ஒரு ஆளு திங்கற மூணு கப் பொரி 25 கிராம்கூட இருக்காது, எதுவும் போடாமப் பொரிச்சா 90, 95 கலோரி. அது மேல ஒரு டீஸ்பூன் நெய் போட்டா இன்னொரு 45. அதோட நிறுத்திக்கலாம். நெய்யோட நல்ல குணமே அதான், வாசனை தூக்கலா இருக்கிறதால கொஞ்சத்துல மனசு நிறைஞ்சுடும். வாசனை இல்லாத எண்ணெயைத்தான் கரண்டி கரண்டியா ஊத்தி, உப்பை அள்ளிக் கொட்டி, வாசனைப் பொடியையும் போட வேண்டியிருக்கு. எண்ணெயைவிட எனக்கு அந்த உப்புதான் கவலை. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சாம்பார், ஊறுகாயிலயே அது தீர்ந்துடுது.

எண்ணெயை மாத்தி மாத்தி ஏமாந்த கதை அமெரிக்காவுலயும் உண்டு. 1994-ல அங்க ஒரு நுகர்வோர் அமைப்பு, தியேட்டர் பாப்கார்னை ஆய்வுக்கூடத்துல கொடுத்துச் சோதிச்சு, தேங்காய் எண்ணெய்ல பொரிச்ச நடுத்தர டப்பாவுல 37 கிராம் நிறை கொழுப்பு இருக்குன்னு சொல்லிச்சு. நாடே அலறிடுச்சு. தியேட்டர்கள் தேங்காய் எண்ணெயைத் தூக்கிப் போட்டுட்டு வேற எண்ணெய்க்கு மாறினாங்க. சில இடத்துல மாறினது ஹைட்ரஜன் ஏத்தின கெட்டிக் கொழுப்புக்கு, அதாவது நம்ம வனஸ்பதி குடும்பம். அதுல இருக்கிற டிரான்ஸ் கொழுப்பு அதைவிட மோசம்னு அப்புறம் தெரிஞ்சுது. இங்கயும் 2022 ஜனவரியிலேர்ந்து எண்ணெய், கொழுப்புகள்ல டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டம் வந்திருக்கு. டப்பா எவ்வளவு பெரிசுன்னு மட்டும் அன்னைக்கு யாரும் பெரிசாக் கேக்கலை. ஒரு ஆளு அத்தனை பெரிய டப்பாவைத் தின்னா எந்த எண்ணெய்ல பொரிச்சா என்ன?

இன்னொரு கதை என்னைத் தூங்க விடாத கதை. தயிர் உறையும்போது அதுல இருக்கிற நுண்ணுயிர்கள் டைஅசிட்டைல்னு ஒரு பொருளைத் துளித்துளியா உண்டாக்கும். புளிச்ச தயிர்ல எடுத்த வெண்ணெய்க்கு இருக்கிற அந்த மணம் பெரும்பாலும் அதாலதான். அதையே தொழிற்சாலையில தயாரிச்சு, வெண்ணெய் வாசனைன்னு எண்ணெய்ல கலந்தாங்க. 2000-ல அமெரிக்காவுல மிசோரி மாநிலம் ஜாஸ்பர்ங்கிற ஊர்ல, மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில வேலை பார்த்த எட்டுப் பேருக்கு நுரையீரல் கெட்டுப்போனது வெளிய வந்தது. சூடான தொட்டியில அந்த வாசனையைக் கலக்கும்போது வந்த ஆவியைச் சுவாசிச்சவங்க. உள்ள இருக்கிற நுண்ணிய மூச்சுக்குழல் தழும்பேறி அடைச்சுக்கும், அடைச்சா திரும்பாது. அங்க அந்த நோய்க்குப் பேரே பாப்கார்ன் நுரையீரல்னு ஆகிப்போச்சு. 2007-ல பெரிய கம்பெனிகள் டைஅசிட்டைலை எடுத்துடறதா அறிவிச்சாங்க.

கவனிச்சீங்களா, கெடுதல் முதல்ல வந்தது தின்னவனுக்கு இல்லை, கலந்தவனுக்கு. பாக்கெட் தின்ன கோடிக்கணக்கான பேருக்கு ஒண்ணும் தெரியலை. எங்க ஊர் வழியா நாள் முழுக்க ஷிப்ட் பஸ் போகுது. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைங்க, இருபது வயசு, ஜன்னல்ல தலை சாய்ச்சுத் தூங்கிட்டுப் போகும். அவங்க எதைச் சுவாசிக்கறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஹெல்தின்னு பேசும்போது தின்னற வாயை மட்டும்தான் பேசறோம். கலக்கிற மூக்கு, கறக்கிற கை எதுவும் கணக்குல வர்றதில்லை.

போகட்டும். போடறதுக்கு வேற என்ன இருக்குன்னு கேட்டாளே, அதுக்கு வரேன்.

எங்க மாவட்டத்துக்காரனா முதல்ல சொல்றது காஞ்சிபுரம் இட்லி மசாலாதான். வரதராஜப் பெருமாள் கோயில்ல மூங்கில் குடலையில மந்தாரை இலை போட்டு அவிக்கிற இட்லி. அதுல போடற மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய், இந்த அஞ்சும் பாப்கார்னுக்குன்னே பிறந்த மாதிரி இருக்கும். மிளகையும் சீரகத்தையும் வெறும் சட்டியில வறுத்து, சுக்குத்தூளும் ஒரு சிட்டிகை பெருங்காயமும் கல் உப்பும் சேர்த்து மிக்ஸியில மாவா அரைங்க. மாவாங்கிறது முக்கியம். கொரகொரன்னு இருந்தா எல்லாம் அடியில உதிர்ந்துடும், மேல இருக்கிறது சப்புன்னு இருக்கும். உப்பும் அப்படித்தான், நைஸா அரைச்சா பாதி உப்பு போதும், நாக்குல உடனே தெரியும். கனமான சட்டியில ஒரு டீஸ்பூன் நெய் விட்டு, நாலு மணி போட்டுப் பாருங்க. அது வெடிச்சா மிச்சத்தைப் போட்டு மூடி, சட்டியைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே இருங்க. வெடிச் சத்தம் ரெண்டு செகண்டுக்கு ஒண்ணுன்னு குறையும்போது இறக்கி, மூடியைக் கொஞ்சம் திறந்து ஆவியை வெளிய விட்டுட்டு, பொடியைத் தூவிக் குலுக்குங்க. வெந்நீர் மாதிரி ஆவி உள்ளயே நின்னா அதுவும் நமுத்துப் போகும்.

நெய் வேண்டாம்னா செக்கு நல்லெண்ணெயும் இட்லி மிளகாய்ப்பொடியும். இட்லிக்குக் குழைக்கிற மாதிரி ஊத்தக்கூடாது, ஸ்பூன் நுனி அளவு. மல்லாட்டை எண்ணெய்ல பொரிச்சு கறிவேப்பிலைப் பொடி போட்டா எங்க வீட்ல சட்டியோட காலி. வறுத்த எள்ளும் பூண்டும் வரமிளகாயும் அரைச்ச பொடி பெரியவங்களுக்கு. பசங்களுக்கு நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய், நெய். அது சர்க்கரைதான், ஹெல்தின்னு பேரு வைக்க மாட்டேன், ஆனா பசங்க கார்த்திகைப் பொரின்னு சொல்லித் தின்னட்டும். எனக்குப் பிடிச்சது எதுன்னா, நெய் காய்ச்சும்போது பொரிஞ்ச முருங்கைக்கீரையை உப்போட நொறுக்கி மேல தூவறதுதான். அதைத் தின்னுட்டு மஞ்சப் பொடியைத் தின்ன முடியாது. மோர்ப் பொடி, சீஸ் பொடின்னு விக்கறாங்களே, அதெல்லாம் எனக்கு வேலைக்கு ஆகலை.

பாப்கார்னே வேணும்னு ஒண்ணும் இல்லைங்கிறதையும் சொல்லிடறேன். ஆயுத பூஜை அன்னைக்கு ஒவ்வொரு லேத் பட்டறையிலயும் கம்பெனியிலயும் மெஷினுக்குப் பொட்டு வச்சு, பொரி, பொட்டுக்கடலை, சுண்டல், வெல்லம் கொடுப்பாங்க. அந்த ஒரு நாள் எல்லாரும் எண்ணெய் இல்லாத பொரியைத்தான் கை நிறைய தின்னறோம், யாரும் ஹெல்தின்னு சொல்லிக் கொடுக்கலை. அந்தப் பொரிக்கு மேல நெய்யும் மிளகுத்தூளும் போட்டுப் பாருங்க, பாப்கார்ன் ரெண்டாவது இடத்துக்குப் போயிடும்.

கடைசியா, பேரு விஷயம். 2021-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம், சோயா, பாதாம்ல எடுக்கிற பானத்தை பால்னு எழுதி விக்கக்கூடாது, அப்படி எழுதினதை ஆன்லைன் கடைகள்லேர்ந்து எடுங்கன்னு சொல்லிச்சு. தேங்காய்ப் பால், பீனட் பட்டர் மாதிரி காலங்காலமா வழக்கத்துல இருக்கிற பேருக்கு மட்டும் விலக்கு. பால்காரங்க எங்களுக்குச் சந்தோஷம். பால்ங்கிற சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்குன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டது. ஆனா பாமாயில்ல பொரிச்ச சோளத்துக்குப் பட்டர் பாப்கார்ன்னு முன்னாடி பெருசா எழுதிட்டு, சுவையூட்டின்னு பின்னாடி பொடியா எழுதினா அது தப்பில்லையாம். ஏன் இல்லை? வெண்ணெய் வாசனை சேர்த்த பாமாயில் பாப்கார்ன்னு அதே அளவு எழுத்துல முன்னாடி போடட்டும். தியேட்டர் விலைப் பலகையிலயும் போடட்டும். தெரிஞ்சு வாங்கறவங்க வாங்கட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தமிழ்நாட்டு ரேஷன்ல 25 ரூபாய்க்குப் பாமாயில் வாங்கி எங்க வீட்லயும் வடை சுடறோம். அது பாமாயில்னு சொல்லித்தான் கொடுக்கறாங்க. அதுக்குப் பதிலா மல்லாட்டை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ரேஷன்ல கொடுங்கன்னு விவசாயிகள் கேட்டுட்டு இருக்கோம், அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தள்ளுவண்டிக்காரர்கிட்ட இந்த நாலு ரூபாய்க் கணக்கைச் சொன்னேன். சிரிச்சாரு. "நெய்னு சொன்னா நம்பணுமே சார், நானே நம்ப மாட்டேன்"ன்னாரு. நியாயம்தான். அதனால இந்த ஞாயித்துக்கிழமைக்கு ஒரு ஏற்பாடு. அரை லிட்டர் நெய் நான் கொடுக்கறேன், வித்தா காசு கொடுக்கட்டும். அடுப்புப் பக்கத்துலயே சொம்போட வச்சு, ஜனங்க முன்னாடி ஊத்திப் பொரிக்கறேன்னு ஒத்துக்கிட்டாரு. பாமாயில் பொட்டலம் 20, நெய்ப் பொட்டலம் 25. சாயந்திரம் ஷிப்ட் பஸ் வந்து நிக்கிற நேரம் பார்த்துப் போடப்போறாரு. எது எத்தனை போச்சுன்னு எண்ணி வைக்கச் சொல்லியிருக்கேன்.